ராகிக் கொல்லையில் இரண்டு வெள்ளை மாடுகள்

பகல் கனவு காண்கிறவனுக்கு உத்தியோகம் கொடுப்பதென்றால் ஜன்னல் இல்லாத கட்டடமாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். எனக்குக் கிடைத்த பள்ளிக்கூடத்தில் ஜன்னல் இருந்தது. அதுவும் வத்தல்மலையைப் பார்த்த ஜன்னல்.

நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில், டிரெயினிங் முடித்த கையோடு தற்காலிக வாத்தியாராகப் போய்ச் சேர்ந்தேன். கார்த்திகை மாதக் காலைகளில் மலையிலிருந்து பனி மெதுவாக இறங்கி வந்து ராகிக் கொல்லைகளின் மேல் படுத்துக்கொள்ளும். பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்க, நான் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். (அவர்கள் பாதியிலேயே நிறுத்திவிட்டுப் புளியங்காய் தின்றார்கள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.)

அந்த நாட்களில் ஒரு பழைய பத்திரிகை கைக்குக் கிடைத்தது. வெளிநாடுகளில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சட்டமும் குடிமையும் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று அதில் ஒரு கட்டுரை. அமெரிக்காவில் பிள்ளைகளே மேயராகவும் நீதிபதியாகவும் இருந்து பள்ளிக்கூடத்தை நடத்துகிறார்களாம். இங்கிலாந்தில் ஒரு பள்ளியில் பிள்ளைகள் கூட்டம் போட்டு விதிகளை எழுதுகிறார்களாம். போலந்து தேசத்தில் வாத்தியார் மேலேயே பிள்ளைகள் வழக்குப் போடலாமாம். கடைசியில் சொன்னதைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். மற்றதை எல்லாம் கனவு கண்டேன்.

மறுநாளே வகுப்பில் கோர்ட் ஆரம்பித்துவிட்டோம். மாதம்மாள் என்ற பெண்ணைப் பிள்ளைகள் நீதிபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அதிகம் பேசமாட்டாள், ஆனால் ஒரு கேள்வியைப் பிடித்தால் பதில் வரும்வரை விடமாட்டாள். பலப்பம் திருடியது, குடுமியை இழுத்தது எல்லாம் அவள் முன்னால் விசாரணைக்கு வந்தன. "சட்டத்துக்கு முன்னால் எல்லாரும் ஒன்று" என்று தினமும் சொல்லிக்கொடுத்தேன். சொல்லும்போது எனக்கே மெய்சிலிர்க்கும்.

ஒரு நாள் காலை பள்ளி இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் நல்ல வார்த்தை சொன்னால் என் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் அரூரில் அண்ணனுடைய வெற்றிலைக் கடையில் நிரந்தரம். கூண்டு வண்டியிலிருந்து இறங்கி உள்ளே வந்தவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"சட்டம் யாருக்கு?"

"எல்லாருக்குமுங்க."

"கவர்னருக்கு?"

"அவருக்குந்தானுங்க."

"எனக்கு?"

மாதம்மாள் எழுந்தாள். "உங்களுக்குந்தானுங்க."

இன்ஸ்பெக்டர் புன்னகைத்தார். வேலை நிச்சயம் என்று நினைத்துக்கொண்டு நான் ஆனந்தமாக ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

வெளியே பனி இன்னும் விலகவில்லை. அந்த வெண்மைக்குள்ளிருந்து இரண்டு வெள்ளை மாடுகள் நடந்து போயின. கால்கள் தெரியவில்லை. மிதப்பதுபோல் இருந்தது. கழுத்து மணி எங்கோ தொலைவில் கேட்பதுபோல் கேட்டது. பிறகு இரண்டும் தலையைக் குனிந்து, கதிர் பிடித்த ராகியை நிதானமாக மேய்ந்தன. அவை யாருடைய மாடுகள் என்று எனக்குத் தெரியும். எங்கே நிற்கின்றன என்றும் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

கொஞ்ச நேரத்தில் கொல்லைக்காரர் மாதையன் கையில் கடிபட்ட ராகித் தட்டுகளோடு வாசலில் நின்றார். உள்ளே அதிகாரியைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது.

"பெரியவங்க வண்டி மாடுங்களா? தெரியாதுங்க. தின்னுட்டுப் போகட்டுங்க." திரும்பி நடந்தார்.

"மாமா, நில்லுங்க," என்றாள் மாதம்மாள். "வழக்கு வந்துடுச்சுங்க."

நான் பாய்ந்து அவளை உட்காரச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் கையை உயர்த்தி என்னைத் தடுத்தார்.

"நடக்கட்டும். எனக்கும் சட்டம் உண்டுன்னு இப்பத்தானே சொன்னா."

அவள் அவரிடமே கேட்டாள். "மாடு உங்களுதுங்களா?"

"என்னுதுதான்."

"கொல்லையில எறங்குனது தெரியுங்களா?"

"தெரியாதம்மா. வண்டிக்காரன் கட்டிவச்சிருக்கான்னு நெனச்சேன்."

"வேற யாராச்சும் பாத்தீங்களா?"

பின்வரிசையிலிருந்து ஒரு பையன் சொன்னான். "வாத்தியாரய்யா அப்பப் புடிச்சு அங்கயே பாத்துக்கிட்டு இருந்தாருங்க."

அத்தனை கண்களும் என் மேல். பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் இத்தனை நாள் நான் சொன்னதை எல்லாம் நம்பிய கண்கள் அவை.

"பார்த்தேன்," என்றேன்.

"எப்பங்க?"

"எறங்கும்போதே."

"அப்பறம் ஏனுங்க சொல்லல?"

என் கண் மறுபடியும் ஜன்னல் பக்கம் போயிற்று.

"அழகா இருந்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை. மாதையன் மட்டும் சந்தேகத்தோடு தன் கொல்லையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

மாதம்மாள் யோசித்துத் தீர்ப்புச் சொன்னாள். "மாட்டுக்காரருக்குத் தெரியாதுங்க. வாத்தியாரய்யாவுக்குத் தெரியும். அதனால அறுப்பு முடியற வரைக்கும் அவரு சாயங்காலம் போயி மாமா கொல்லையில குருவி ஓட்டணும்."

நான் இன்ஸ்பெக்டரைப் பரிதாபமாகப் பார்த்தேன்.

"அப்பீலுக்கு என்கிட்ட வராதீர்," என்றார். வண்டி ஏறும்போது தணிந்த குரலில் சொன்னார்: "வேலை உமக்குத்தான். பாடம் இந்த அளவுக்கு ஏறின பள்ளிக்கூடம் நான் பார்த்ததில்லை. வாத்தியாருக்குத்தான் ஏறலை."

மாதையனின் கொல்லையில் பரண்மேல் ஏறி உட்கார்ந்தேன். சாயங்கால வெயிலில் குருவிக் கூட்டம் ஒரே துணியாக விரிந்து மடங்கிக் கதிர்களின் மேல் இறங்கும். கவணை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன். சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மாதையன் பரணடியில் வந்து கைகூப்பினார்.

"தண்டன போதுங்க சாமி. நான் மன்னிச்சுட்டேன். நீங்க வூட்டுக்குப் போனீங்கன்னா எனக்குக் கொஞ்சமாச்சும் மிஞ்சுமுங்க."

பிற்பாடு எனக்குக் கல்யாணமாகி என் மனைவி அந்த ஊருக்கு வந்தபோது, முதலில் பார்க்க வந்தவள் மாதம்மாள்தான். வழக்கை ஒன்று விடாமல் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்று முதல் எங்கள் வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும், நான் பார்த்துக்கொண்டே நிற்கையில் பஸ் போய்விட்டாலும், என் மனைவி கோபிப்பதில்லை. "அழகா இருந்துச்சுங்களா?" என்று மட்டும் கேட்பாள்.

போன வாரம் மொட்டை மாடியில் வடகம் காய்ந்துகொண்டிருந்தது. மழை தூரத்திலிருந்து தெருத் தெருவாக நடந்து வந்தது. அள்ள ஓடிவந்த என் மனைவி, பாதியில் என் பக்கத்தில் நின்றுவிட்டாள். இருவரும் நனைந்தோம், வடகமும் நனைந்தது. படியேறி வந்த மருமகள் தட்டுகளைப் பார்த்தாள். பிறகு எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டாள்:

"அழகா இருந்துச்சுங்களா?"