ஒரு மாத விருந்தாளிக்குச் சுவரோடு ஓர் அலமாரி

கெலுகோர், பினாங்கு
வெள்ளிக்கிழமை

பெருமதிப்புக்குரிய மைத்துனர் மோகனராஜ் அவர்களுக்குத் தயாளன் வணக்கத்துடன் எழுதுவது.

இங்கு உங்கள் தங்கை லோகேஸ்வரி நலம். நானும் நலம்தான். என் சாய்வு நாற்காலி சமையலறைக்குப் போய்விட்டதால், ஐஸ்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நலமாக இருக்கிறேன். நீங்களும் மகன் தனேஷும் பத்து காவானில் குறையின்றி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைத் தொலைபேசியில் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். நான் பேசினால் உங்கள் தங்கை பின்னால் நின்று திருத்தம் சொல்கிறாள். அவள் பேசினால் நீங்கள் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். கடிதத்துக்கு யாரும் சரிம்மா சொல்ல முடியாது. தவிர, நீங்கள் வேலைக்காலம் முழுவதும் வீட்டு வரைபடம் வரைந்தவர். எனக்கு ஓர் ஆலோசனை தேவைப்படுகிறது.

விஷயம் இதுதான். தனேஷைக் கம்பெனி ஜொகூருக்கு மாற்றுகிறது என்று தெரிந்தவுடன் எங்களோடு வந்து இருங்கள் என்று கேட்டோம். நீங்கள், "ஒரு மாசம் வந்து இருந்து பாக்குறேன். ஒரு பை போதும். எனக்காக ஒண்ணும் செய்யாதீங்க" என்றீர்கள். லோகேஸ்வரி போனை வைத்தாள், நேராகப் பின்னறைக்குள் போனாள், என் சாய்வு நாற்காலியையும் பத்திரிகைக் கட்டுகளையும் இரண்டு ரேடியோக்களையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, சுவரைக் கையால் முழம் போட ஆரம்பித்தாள். அந்த அறைக்கு பில்ட்-இன் அலமாரி போட வேண்டுமாம். அதாவது சுவரோடு சேர்த்துத் திருகாணி போட்டு முடுக்குகிற அலமாரி. இப்போது கெலுகோரில் புது வீடு வாங்குகிறவர்கள் எல்லாரும் போடுகிறார்கள். நான் நியாயமாகத்தான் கேட்டேன், கடையில் விற்கும் அலமாரி ஒன்றை வாங்கி வைத்தால் போதாதா, வருகிறவர் ஒரு மாதம் என்றுதானே சொல்லியிருக்கிறார் என்று.

"அதுக்குத்தான் சொல்றேன்" என்றாள். "ஒரு மாசம்னா அண்ணன் ஒரு மாசந்தான் இருப்பாரு. பைய கட்டில் பக்கத்துல வச்சிக்கிட்டு, பஸ்ஸுக்கு நிக்கிறவரு மாதிரி இருப்பாருலா. கடையில வாங்குற அலமாரிய எப்ப வேணும்னாலும் தூக்கிடலாம். சுவத்துல முடுக்கினத யாரு தூக்குவா?"

சம்மதித்தேன்.

அடுத்து இஸ்ஸதி என்ற பெண் வந்தாள். அறை அலங்காரம் படித்தவள், அடக்கமானவள், கையில் ஒரு டேப்லெட். ஒரு நிமிடத்தில் நம் பின்னறையை அதில் வரைந்து காட்டினாள். படத்தில் அலமாரிக்கு முன்னால் தங்க முடி வைத்த வாலிபன் ஒருவன் நாய்க்குட்டியோடு நின்றான். இவன் யார் என்று லோகேஸ்வரி கேட்டாள். சும்மா அளவு தெரிவதற்காக, மக்சிக், என்று இவளை அத்தை முறை வைத்துச் சொன்னாள் அவள். அளவு தெரிய வேண்டுமானால் வரப்போகிறவரைப் போடு என்று இவள் சொல்ல, இஸ்ஸதி தேடித் தேடிக் கடைசியில் மீசை வைத்த ஒரு பெரியவரைப் போட்டாள். நாயை எடுக்க முடியவில்லை. பிறகு உங்கள் உயரம் கேட்டாள். தெரியாததால் என்னை உங்கள் இடத்தில் நிறுத்தினார்கள். கையைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினேன். "அவ்வளவு தூக்காதீங்க, அண்ணனுக்குத் தோள்பட்ட வலி" என்று லோகேஸ்வரி என் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டு, சட்டை மாட்டும் கம்பியைத் தாழ்த்திப் போடச் சொன்னாள். குளியலறையில் விழுந்ததை நீங்கள் எங்களிடம் சொல்லவில்லை. தனேஷ் சொன்னான். அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் நான் எதுவும் கேட்கப் போவதில்லை.

இதுவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. கெடுத்தது நான். காலண்டரின் பின்பக்கத்தில் மனையடி சாஸ்திரம் அச்சடித்திருப்பார்கள் அல்லவா, எந்த அடிக்கு என்ன பலன் என்று. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஐஸ்பெட்டிப் பக்கத்தில் படிக்க வேறு எதுவும் இல்லாததால் படித்தேன். அறை பதினோரு அடி. பால்சோறு உண்பார்கள் என்று போட்டிருந்தது. அலமாரியின் ஆழம் இரண்டு அடி. மிச்சம் ஒன்பது. ஒன்பதுக்குப் போட்டிருந்த பலனை உங்களுக்கு எழுத எனக்கு மனம் வரவில்லை. லோகேஸ்வரியிடம் காட்டினேன். அலமாரி என்பது சாமான், சாமானை வைத்தால் அறை எப்படிச் சுருங்கும் என்றாள். சொல்லிவிட்டு அவளே கோயிலுக்குப் போய்க் குருக்களிடம் கேட்டாள். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: சுவரில் முடுக்குவீர்களா, சும்மா நிற்குமா? முடுக்குவோம் என்றிருக்கிறாள். அப்படியானால் அது சுவர்தான் என்றார். வீட்டுக்கு வந்தவள் காலண்டரை மறுபடி எடுத்து, பத்தடிக்கு ஆடு மாடு பெருகும் என்று கண்டுபிடித்தாள். மூன்றாவது மாடியில் ஆடு மாடு பெருகுவதில் எனக்கும் ஆட்சேபம் இல்லை என்றேன். ஆகவே அலமாரியின் ஆழம் ஒரு அடி என்று முடிவானது.

இஸ்ஸதி தன் தச்சர் ஆ ஹோக்கை அழைத்து வந்தாள். சீனர்கள் வைத்திருக்கும் அளவு நாடாவைப் பார்த்திருப்பீர்கள். அளவு முடிகிற இடத்தில் சிவப்பு எழுத்து வந்தால் நல்லது, கறுப்பு வந்தால் ஆகாது. நம்முடைய ஒரு அடி அவர் நாடாவில் கறுப்பில் விழுந்தது. ஒரு விரல் கூட்டினால் சிவப்பு என்றார். கூட்டினால் நம் அறையில் பத்தடிக்கு ஒரு விரல் குறையும். மனிதர் நல்லவர்; எதிர்ச்சுவரில் ஒரு விரல் சாந்தைச் சுரண்டிவிட்டால் இரண்டு சாமியும் கோபிக்காது என்று மலாயில் யோசனை சொன்னார். ஒப்புக்கொண்டோம். அடுத்தது கதவு. ஒரு அடி ஆழத்தில் தள்ளு கதவுக்குத் தடம் போட இடமில்லை, திறக்கிற கதவு போட்டால் கட்டிலில் இடிக்கும். கட்டிலைத் திருப்பினோம், தலை வடக்கே வந்தது. கூடாது. மறுபடி திருப்பினோம், அறைக்கதவு பாதிதான் திறந்தது. உள்ளே போகிறவர் பக்கவாட்டாகத்தான் போக வேண்டும். நான் போய்ப் பார்த்தேன். வயிறு கதவில் சிக்கி நின்றுவிட்டது. அண்ணன் உள்ளே போய்விடுவார் என்றாள் லோகேஸ்வரி, "அண்ணன் ரொம்ப எளைச்சிட்டாருங்க." சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவுவதற்குப் பாத்திரம் எதுவும் இல்லை.

மச்சான், இனி எழுதுவதை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. ஒரு அடி ஆழத்தில் சட்டை தொங்காது. தோள் கதவில் இடிக்கும், நேர்முகமாக ஒன்றன் முன் ஒன்றாகத்தான் மாட்ட வேண்டும். இதை ஆ ஹோக் இரண்டு தடவை சொன்னார். நானும் சொன்னேன். அப்போதுதான் லோகேஸ்வரி, போன தடவை பத்து காவான் வந்தபோது துண்டு எடுக்க உங்கள் அறைக்குள் போனதைச் சொன்னாள். உங்கள் சட்டைகள் மடித்து, கட்டிலுக்குப் பக்கத்தில் பையில் இருந்ததாம். சுங்கை பினாங் வீட்டிலிருந்து நீங்கள் கொண்டுவந்த பழைய அலமாரி முழுக்க பிரமிளா அக்காவின் சேலைகள். அக்கா போகும்முன் அடுக்கி வைத்தபடியே.

"சட்ட தொங்காட்டி போகுது" என்றாள். "அண்ணியோட சேலைய மடிச்சு வச்சா ஒரு அடி சரியா இருக்கும்லா. அத விட்டுட்டு அண்ணன் எங்கயும் வர மாட்டாரு. ஒரு மாசம்னு சொல்றதே அதுக்குத்தான்."

ஆகவே எனக்கு வேண்டிய ஆலோசனை இதுதான்: கம்பியா, தட்டா? தட்டு என்றால் எத்தனை தட்டு வேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், அவற்றை எண்ணியவர் நீங்கள் ஒருவர்தான். திங்கட்கிழமை மரம் அறுக்கிறார்கள். என் பங்குக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் பத்திரிகையைப் படித்துவிட்டு யாரோடு சண்டை போடுவதென்று தெரியாமல் இருக்கிறேன். அரசியல் பேசினால் மட்டும் உங்கள் தங்கை எல்லாவற்றுக்கும் சரி என்கிறாள்.

வயதில் மூத்தவரான உங்கள் ஆசியை இருவரும் வேண்டிக்கொள்கிறோம். தனேஷுக்குப் புது ஊரில் எல்லாம் நல்லபடியாக அமையட்டும்.

அன்புள்ள,
தயாளன்

பி.கு.: மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். இன்று பிற்பகல் ஆ ஹோக் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். மேல்வீட்டுக்குப் போகும் தண்ணீர்க் குழாய் அந்தச் சுவருக்குள்தான் போகிறதாம். ஒரு திருகாணிகூடப் போட முடியாது. பில்ட்-இன் இல்லை. இஸ்ஸதி வருத்தப்பட்டாள். லோகேஸ்வரி வருத்தப்படவில்லை. ஆ ஹோக்கின் லோரி ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் நிற்கிறதா என்று கேட்டாள். நிற்கிறது என்றார். ஆகவே ஞாயிறு காலை அதில் கடலைத் தாண்டி இரண்டாவது பாலம் வழியாக அங்கே வருகிறாள். உங்கள் அலமாரியைத் திறக்காமல், உள்ளே இருப்பது உள்ளே இருக்கிறபடியே ஏற்றச் சொல்லியிருக்கிறாள். ஏற்றி முடித்த பிறகுதான் இந்தக் கடிதத்தை உங்களிடம் கொடுப்பாளாம். எனவே நீங்கள் இதைப் படிக்கும்போது அலமாரி லோரியில் இருக்கும். முன்னிருக்கையில் மூன்று பேர் உட்காரலாம். நீங்களும் ஏறிக்கொள்ளுங்கள், மச்சான்.