ஒயர் அண்ணாச்சியும் வலது பக்கம் சாய்ந்த பாட்டும்

பத்மநாப சுவாமியே படுத்துக்கொண்டிருக்கிற ஊர் எங்கள் ஊர். அவன் காலடியில் இருந்துகொண்டு ஒரு மனிதர் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்காராமலே காலத்தைத் தள்ளினார் என்றால், அது ஒயர் அண்ணாச்சி ஒருத்தர்தான். திருவனந்தபுரத்தைச் சல்லடை போட்டுச் சலித்தாலும் அப்படி ஒரு நிலைகொள்ளாத ஆள் அகப்படமாட்டார்.

ஆரியசாலையில் என்னுடையது பூஜை சாமான் கடை. அடுத்த கடை அவருடைய சாக்குக் கடை. அரிசி மண்டி, பருப்பு மண்டி, கொப்பரை வியாபாரி எல்லோருக்கும் சணல் சாக்கு அங்கிருந்துதான் போகும். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் கடைப் பலகையில் தூசி படிந்து கிடக்கிறது. தெருவுக்கு அவர் ஒயர் அண்ணாச்சி. காரணம், கடைக்குப் பின்னால் அவர் வீட்டை ஒட்டி இருக்கும் சாக்கு கோடவுன். அதில் ஒரு மேஜை, மேஜைமேல் ஹெட்போன்கள், அவற்றுக்கான ஆம்ப்ளிஃபயர் பெட்டிகள், பிறகு ஒயர், ஒயர், ஒயர். புற்றுக்குள் கை விட்ட மாதிரி இருக்கும்.

ஹெட்போன் என்றதும் பஸ்ஸில் பிள்ளைகள் காதில் செருகிக்கொண்டு போவதை நினைத்துவிடாதீர்கள். அண்ணாச்சியின் ஹெட்போனைத் தலையில் வைத்தால் கழுத்து உள்ளே இறங்கும். அதற்கென்று தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டும். இரண்டையும் சேர்க்கத் தனி ஒயர் வேண்டும். எல்லாம் எங்கெங்கிருந்தோ பார்சலில் வரும். எதை எதோடு சேர்ப்பது என்பதுதான் அண்ணாச்சியின் ஆயுள் விசாரம்.

"இது கல்யாணப் பொருத்தம் மாதிரி வே," என்று ஒருநாள் எனக்கு விளக்கினார். "ஹெட்போன் பொண்ணு. ஆம்ப்ளிஃபயர் மாப்பிள. ரெண்டும் தனித்தனியா தங்கமா இருக்கும். சேத்து வச்சா அடிதடி. புரியுதா?"

"புரியுது அண்ணாச்சி. அப்போ ஒயரு?"

"தரகன். தரகன் சரியில்லன்னா எந்தக் கல்யாணம் உருப்பட்டிருக்கு?"

இத்தனை கல்யாணமும் எதற்கு என்றால், ஒரே ஒரு முருகன் பாட்டுக்காக. ஒரு அம்மாள் தம்புராவை மட்டும் வைத்துக்கொண்டு பாடுகிற பாட்டு. நல்ல ஹெட்போனில் கேட்டால் அந்த அம்மாள் நம் இரண்டு காதுக்கும் நட்டநடுவில், நெற்றிப்பொட்டில் நின்று பாட வேண்டுமாம். அண்ணாச்சிக்கு அவள் நடுவில் நிற்கவில்லை. கொஞ்சம் வலது பக்கமாகத் தள்ளி நின்றாள். அவளை நடுவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டால் போதும், அப்புறம் ஒயரைத் தொடவே மாட்டேன், மனுஷனாக உட்கார்ந்து பாட்டு கேட்பேன் என்பார். அவள் நகர மாட்டாள். இவர் உட்கார மாட்டார். பல்லவியின் இரண்டாவது வரிக்குள் எழுந்து ஒயரை மாற்றிவிடுவார்.

"தம்பி, இந்த வீட்டுல சரணம்னு ஒண்ண யாரும் கேட்டதே இல்ல," என்று அவர் மனைவி என்னிடம் சொல்வாள். அவளை நான் மதினி என்று கூப்பிடுவேன். "பாடுத அம்மா மூச்சு விடுததுக்குள்ள இவுக எந்திரிச்சிருவாக."

ஒவ்வொரு ஒயர் மாற்றத்துக்கும் என்னைக் கூப்பிட்டு ஹெட்போனை என் தலையில் கவிழ்ப்பார். எனக்கோ அந்த அம்மாள் 'முருகா' என்றதும் கண் மூடிக்கொள்ளும். கண்ணீர் வழியும். கைகூப்பிவிடுவேன்.

"என்னவே, அழுதீரு?"

"பாட்டு அப்படி இருக்கு அண்ணாச்சி."

"பாட்ட எதுக்குவே கேக்கீரு? சத்தத்தக் கேளும். மொதல்ல போட்டது செம்பு ஒயரு, இது வெள்ளி. என்ன வித்தியாசம்?"

செம்பில் வைத்த தீர்த்தத்துக்கும் வெள்ளியில் வைத்த தீர்த்தத்துக்கும் வித்தியாசம் கேட்டால் சொல்லுவேன். முருகன் பாட்டில் நான் என்ன வித்தியாசம் காண்பது? "ரெண்டும் நல்லா இருக்கு" என்பேன்.

"நல்லா இருக்குன்னு சொல்லதுக்கு உம்ம எதுக்குக் கூப்பிடணும்? தெருவுல போற மாட்டக் கூப்பிட்டாலும் அதைத்தான் சொல்லும்."

அப்படிச் சொல்லிவிட்டு அடுத்த ஒயருக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்.

பாட்டு வலது பக்கம் சாய்வதற்கு அவர் சந்தேகப்படாத பொருள் இல்லை. முதலில் கரண்டின் மேல் சந்தேகம் வந்தது. என் கடையில் பிள்ளையார் படத்தைச் சுற்றி ஒரு சீரியல் பல்பு மினுங்கிக்கொண்டிருக்கும். ஒருநாள் காலையில் ஓடி வந்தார்.

"உம்ம பிள்ளையாரு என் காதுல 'ம்ம்ம்'ங்காரு. அந்த பல்ப அணையும்."

"ஓங்காரமா இருக்கும் அண்ணாச்சி."

"அது கரண்டு வே. உம்ம பல்புலேருந்து என் ஆம்ப்ளிஃபயருக்கு வருது."

பிள்ளையாருக்கும் அண்ணாச்சிக்கும் நடுவில் நான் என்ன செய்வேன்? பல்பை எடுத்துவிட்டு நல்லெண்ணெய் விளக்கு வைத்தேன். பிள்ளையார் முகத்தில் ஒரு தனிக் களை வந்தது. அந்த அம்மாள் மட்டும் வலது பக்கத்திலேயே நின்றாள்.

அப்புறம் புது ஹெட்போன் வந்தது. அதைக் கேட்பதற்கு முன் சில நாள் பாட விட்டுப் பழக்க வேண்டுமாம். சும்மா தொங்கவிட்டால் சரிப்படாது, தலை போல ஏதாவது வேண்டும் என்றார். என் கடையிலிருந்து நல்ல உருண்டைத் தேங்காயாக ஒன்றை எடுத்துக்கொண்டு போனார். குடுமியோடு அந்தத் தேங்காய் ஹெட்போன் மாட்டிக்கொண்டு சாக்குக் கட்டின்மேல் இராப்பகலாக முருகன் பாட்டு கேட்டது. வெளியூர் வியாபாரி ஒருவர் கோடவுனுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னது அண்ணாச்சி, பிரதிஷ்டையா?" என்று செருப்பைக் கழற்றினார். பழக்கம் முடிந்ததும் தேங்காயை என்னிடமே திருப்பித் தந்தார். அத்தனை நாள் நாமம் கேட்ட காயைச் சட்னிக்கு உடைக்க என் வீட்டுக்காரிக்கு மனம் வரவில்லை. பழவங்காடிப் பிள்ளையாருக்குக் கொண்டுபோய் உடைத்தோம். இரண்டு சமபாதியாக உடைந்தது. அண்ணாச்சியிடம் சொன்னேன். "காய் சரியாப் பழகிருக்கு. ஆம்ப்ளிஃபயர்தான் சரியில்ல," என்றார்.

அதற்காக வால்வு ஆம்ப்ளிஃபயர் வந்தது. கண்ணாடிக் குடுவைகள் வைத்த பெட்டி. போட்டால் குடுவைகள் தணல் மாதிரி சிவந்து, பக்கத்தில் கை வைக்க முடியாமல் சூடேறும். ஆடி மாசத்துக் கர்க்கடக மழையில் ஊரில் யார் வீட்டிலும் தோசை மாவு பொங்கவில்லை. மதினி வீட்டில் மட்டும் பொங்கி வழிந்தது. பார்த்தால், மாவுச் சட்டியை அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

"என் ஆம்ப்ளிஃபயர் பக்கத்துல மாவா?" அண்ணாச்சி குதித்தார்.

"இருக்கட்டும். இந்த வீட்டுல அது இன்னைக்குத்தான் ஒரு வேல செஞ்சிருக்கு," என்றாள் மதினி.

எனக்கும் இரண்டு தோசை கிடைத்தது. பஞ்சு மாதிரி இருந்தது. அண்ணாச்சி நின்றுகொண்டே தின்றார். தின்றுகொண்டே ஒயரை மாற்றினார்.

இப்படியே போய்க்கொண்டிருந்தது. ஒரு மத்தியான நேரம், கடைத்தெரு சோற்றுக்குப் போயிருந்த சமயம், என்னைக் கூப்பிட்டார். புது ஒயர். அதன் உறையில் ஒரு அம்புக்குறி போட்டிருந்தது. சத்தம் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்பதற்காம். வழக்கம்போல முதலில் என் தலையில் கவிழ்த்தார். வழக்கம்போல நான் கைகூப்பினேன். திட்டு வாங்கிக்கொண்டு கழற்றி நீட்டினேன். அவர் அவசர அவசரமாக வாங்கி மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார்.

"ம்ஹூம். வலது பக்கந்தான் நிக்கா."

அப்போதுதான் கவனித்தேன். அவருடைய இடது காதில் R என்ற எழுத்து இருந்தது. எனக்கு இங்கிலீஷ் அதிகம் தெரியாது, ஆனால் அந்த ஹெட்போனை எத்தனையோ தடவை தலையில் சுமந்தவன், R வலது, L இடது என்று தெரியும். நான் நீட்டினதை வாங்கின அவசரத்தில் அவர் மாற்றிப் போட்டிருந்தார்.

"அண்ணாச்சி, இடம் வலம் மாறிக் கெடக்கு."

கண் திறந்தார். கழற்றிப் பார்த்தார். நேராகப் போட்டார். "வலது பக்கம்," என்றார். மறுபடி திருப்பிப் போட்டார். "வலது பக்கம்." இன்னொரு ஹெட்போனை எடுத்தார். நேராக, திருப்பி. பெட்டியை மாற்றினார். நேராக, திருப்பி. எல்லாவற்றிலும் வலது பக்கம்தான். முகத்திலேயே தெரிந்தது.

மெக்கானிக் வேலை எனக்குத் தெரியாது. ஆனாலும் உருளியைத் திருப்பி வைத்த பிறகும் பாயசம் அதே பக்கம் சாய்ந்தால் கோணல் உருளியில் இல்லை, தரையில் என்று அடுப்படியில் நின்ற யாருக்கும் தெரியும். குறை ஹெட்போனிலோ ஒயரிலோ இருந்தால் திருப்பிப் போட்டதும் அந்த அம்மாள் இடது பக்கம் போயிருக்க வேண்டும். அவள் போகவில்லை. குறை அவருடைய இடது காதில்.

அண்ணாச்சி ஒரு சாக்குக் கட்டின்மேல் உட்கார்ந்தார். ஒயரைத் தொடாமல் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

"எல்லாத்தையும் மாத்தியாச்சு வே," என்றார். "இத எங்க போய் மாத்த?"

டாக்டரிடம் போகலாம் என்றேன். மாட்டேன் என்றார். ஹெட்போன் பற்றி உலகத்தில் எந்த மூலையில் யார் என்ன எழுதினாலும் போனில் தேடிப் படிக்கிற மனிதர், காதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கப் பயந்தார். "மெல்ல மெல்ல மத்ததும் போயிருமோ?" என்று மதினி இல்லாத நேரம் பார்த்து என்னிடம் கேட்டார். கோடவுனில் பாட்டு நின்றது. மதினி என்னிடம் வந்து, "தம்பி, ஒயர மாத்துங்கன்னு சொல்லிப் பாத்தேன். அதுக்கும் எந்திரிக்கல," என்றாள். அவள் அப்படிச் சொல்லுவாள் என்று நான் நினைத்ததில்லை.

கடைசியில் நானும் மதினியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினோம். ஏற்றுவதற்கு முன் நான் பழவங்காடிக்கு ஓடி ஒரு காய் உடைத்தேன். வெறும் குறும்பியாக இருக்க வேண்டும் பிள்ளையாரே, ஒரு உருண்டைக் காதுக் குறும்பி அடைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பிள்ளையாரிடம் எவ்வளவோ பேர் என்னென்னவோ கேட்டிருப்பார்கள். குறும்பி கேட்டவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

ஆஸ்பத்திரியில் கண்ணாடி போட்ட சின்ன அறைக்குள் அண்ணாச்சியை உட்காரவைத்து, தலையில் ஒரு ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். வெளியே மெஷினின் முன்னால் ஒரு இளம் மலையாளப் பெண். உள்ளே பேசுவதும் ஹெட்போனில் விடுகிற சத்தமும் எங்களுக்கும் ஸ்பீக்கரில் கேட்டது. அறைக்குள் போனதும் அண்ணாச்சிக்கு உயிர் வந்துவிட்டது.

"மோளே, இந்த ஹெட்போனுக்கு இந்த மெஷின் சேராது, கேட்டோ."

"அங்கிளே, பேசாதீங்க. சத்தம் கேட்டா பட்டன ஞெக்கினா மதி, அமுக்கினா போதும்."

"ஒயரும் ரொம்ப மெலிசு. தாங்காது. நான் ஒண்ணு கொண்டாரட்டா?"

"அங்கிளே, ஒயரு அவிடெ இருக்கட்டும். இப்ப சத்தம் கேட்டதா?"

"சத்தமே வரலியே."

அந்தப் பெண் எங்களைத் திரும்பிப் பார்த்தாள். இடது காதுக்குச் சத்தம் வந்துகொண்டுதான் இருந்தது. மதினி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

குறும்பி இல்லை. இடது காதின் நரம்பு வலு குறைந்துபோயிருக்கிறது, போனது திரும்பாது என்றார் டாக்டர். வலது காது நன்றாக இருக்கிறது. இடது காதுக்கு மெஷின் வைத்துக்கொண்டால் பேச்சு தெளிவாகக் கேட்கும், மிஞ்சியதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளலாம், சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்கக் கூடாது. அண்ணாச்சி எல்லாவற்றையும் தலைகுனிந்து கேட்டுவிட்டு, "இந்தக் காது மெஷினுக்குள்ள என்ன ஆம்ப்ளிஃபயர் டாக்டரே?" என்று கேட்டார். மதினிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தாள்.

அப்புறம் அந்த ஆஸ்பத்திரிப் பெண்ணுக்கு நிம்மதி போயிற்று. காது மெஷினில் உச்சஸ்தாயி கூசுகிறது, கீழ்ஸ்தாயி மெலிந்திருக்கிறது என்று அண்ணாச்சி வாரந்தோறும் போய் நிற்பார். அவளும் சலிக்காமல் திருத்திக் கொடுத்தாள்.

பாட்டுக்கு வழி வேறு இடத்தில் கிடைத்தது. சாலைக் கடைத்தெருவில் பழைய சாமான் விற்கும் கடையிலிருந்து கரி பிடித்த ஒரு கிழட்டு ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதன் முகப்பில் ஒரு குமிழ். அதைத் திருகினால் ஒரு பக்கத்துச் சத்தம் குறைந்து மறு பக்கம் ஓங்கும். உயர்ந்த பெட்டிகளில் இந்தக் குமிழே இருக்காதாம். இது இருக்கிற பெட்டியை அண்ணாச்சி கையால்கூடத் தொட்டதில்லையாம்.

காது மெஷினைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு ஹெட்போனைப் போட்டார். குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருகினார். வலது பக்கம் குறைந்துகொண்டே வந்தது. ஓரிடத்தில் கை நின்றது. கண்ணை மூடினார். பல்லவி போயிற்று. அனுபல்லவி போயிற்று. மதினி கதவுப்பக்கம் வந்து நின்றாள். சரணமும் போயிற்று. அவர் அசையவில்லை.

கழற்றி என் தலையில் வைத்தார். "கேளும். எங்க நிக்கா?"

என் காதில் அந்த அம்மாள் இடது தோள்பட்டைப் பக்கம் ஒதுங்கி நின்று பாடினாள்.

"இடது பக்கம் நிக்கா அண்ணாச்சி."

"உமக்கு அங்கதான் நிப்பா," என்றார். "எனக்கு நடுவுல வந்துட்டா."

இப்போது சாயங்காலம் கடை அடைத்ததும் நாங்கள் இரண்டு பேரும் பழவங்காடிக்கு நடந்து போகிறோம். கூட்டத்தில் காது மெஷின் எல்லாச் சத்தத்தையும் சேர்த்துக் கொட்டுகிறது என்று கழற்றிப் பையில் போட்டுவிடுவார். அதனால் நான் அவருக்கு வலது பக்கத்தில் நடக்கிறேன். சாலையின் இடது ஓரமாகப் போகிறவர்களுக்கு வலது பக்கம் என்பது வண்டி போகும் பக்கம். மழை பெய்த நாளில் ஆட்டோக்கள் தெறிக்கிற சேறெல்லாம் என் வேட்டியில்தான். வீட்டுக்காரி துவைக்கும்போது முணுமுணுக்கிறாள். முணுமுணுக்கட்டும். அண்ணாச்சி வழி நெடுக என்னைத் திட்டிக்கொண்டே வருகிறார், பதிலுக்கு நான் சொல்வது அவருக்குக் கேட்க வேண்டாமா?