ஏசி வழியாகப் போன விபூதி

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருஷமாகத் தயங்கினேன். சாமி காரியத்தையே சந்தேகப்பட்டவன் நான், எந்த முகத்தோடு வெளியே சொல்வது?

துபாயில் ஏசி மெக்கானிக் வேலை. குடும்பத்தோடு ஷார்ஜா முவைலாவில் இருக்கிறேன். அப்போது என்மேல் ஏற்கெனவே இரண்டு கம்ப்ளெயின்ட். "மூணாவது வந்தா கலாஸ், ஊருக்கு டிக்கெட்தான்" என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் டேவிட் பாய் வீட்டு ஏசி மக்கர் செய்தது. தாடி வைத்த மும்பைக்காரர், யூதர். மேஜையில் ஒரு ஆட்டுத்தோல் துண்டு. ஸ்கேல் வைத்து, ஊசி மாதிரி ஒன்றால் அதில் கோடு கோடாகக் கீறிக்கொண்டிருந்தார். மை இல்லாத கோடு! பக்கத்தில் கன்னங்கரேலென்று ஒரு கிண்ணம் மை.

(எங்கள் ஊரில் தோலும் கீறலும் கறுப்பு மையும் ஒரே மேஜையில் இருந்தால், அடுத்து வருவது எலுமிச்சம்பழம்தான்.)

நான் ஃபில்டர் கழுவி, கேஸ் ஏற்றி முடிப்பதற்குள் பாதித் தோல் எழுத்தால் நிறைந்துவிட்டது. பால்கனிக்குப் போய் மனைவி செல்விக்குப் போன் போட்டேன்.

"யாருக்கோ செய்வினை வைக்கிறாருங்க! வாயில ஏதாச்சும் முணுமுணுக்குறாரா பாருங்க."

எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு வார்த்தையையும் வாயால் சொல்லிவிட்டுத்தான் எழுதினார்.

"ஆமாடி!"

"போச்சு! பையில விபூதி இருக்குல்ல? பூசிக்கிட்டுக் கிளம்புங்க."

நெற்றியில் பூசியது போக, மிச்சத்தை வீட்டுக்கே காவலாக இருக்கட்டும் என்று ஏணியில் ஏறி ஏசியின் வாயில் தூவினேன். பத்து வருஷம் ஏசி பார்த்த மூளை அப்போது எங்கே போயிருந்ததோ, முருகனுக்கே வெளிச்சம். அடுத்த நொடி ரிமோட்டை அழுத்தினேன்.

பாதிப் பழனி பறந்து போய் ஈர எழுத்தில் உட்கார்ந்தது.

துடைக்கப் பாய்ந்தேன். "ஹாத் மத் லகாவ்!" என்று கத்தினார். நீட்டிய கை அப்படியே நின்றது.

"என்னப்பா இது?" என்றார் இந்தியில்.

"விபூதி பாய். எங்க சாமிது. நீங்க செய்வினை வைக்கிறீங்களோன்னு..."

அவர் தாடியிலிருந்த விபூதியைத் தட்டிவிட்டார்.

"இது எங்க வேதம். என் பொண்ணு குடிபோற வீட்டு வாசல் நிலையில பதிக்க. இப்படிக் கோடு கீறித்தான் எழுதணும், கறுப்பு மைதான் ஆகும். ஒரு எழுத்து கெட்டாலும் திரும்பிப் போய்த் திருத்த முடியாது. இனி வேற தோல், முதல்லருந்து."

"மை எதுல பாய் செய்யறீங்க?" என் சந்தேகம் இன்னும் தீரவில்லை.

"மாசிக்காய், பிசின்."

(மாசிக்காய்! என் மகள் நாக்கில் நானே மருந்தாக உரசித் தடவியது.)

"அப்ப இதைத் தூக்கிப் போட்டுருவீங்களா?"

"ஆண்டவன் பேர் இருக்கே. மரியாதையா மண்ணுல புதைப்போம்."

சாமி படம் போட்ட காலண்டரைக்கூடக் காலில் படவிடாதவன் நான். கூனிக் குறுகிப்போனேன். சர்வீஸ் பேப்பரை நீட்டினேன். ஆங்கிலத்தில் இரண்டே வரி எழுதிக் கொடுத்தார். டிக்கெட் உறுதி என்று நினைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன்.

சூப்பர்வைசர் படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். பேப்பரில் இருந்த இரண்டு வரி இதுதான்: "காற்று மிகப் பலமாக வருகிறது. மெக்கானிக் பக்தியுள்ளவர்."

இன்றைக்கும் நான் விபூதிச் சம்புடத்தைத் திறந்தால் மகள் ஓடுகிறாள்: "அம்மா, ஏசிய ஆஃப் பண்ணு!"

இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் ஓர் எழுத்தும் கூட்டாமல், குறைக்காமல். செல்வி ஏற்கெனவே நான் ஏணியிலிருந்து விழுந்ததாகச் சேர்த்துவிட்டாள். விழவில்லை. உட்கார்ந்தேன்.