நல்லா கீறவனுக்கு மருந்து

யாரிடமாவது போய், "உங்களுக்கு ஒரு நோயும் இல்லையே?" என்று ஆசையாகக் கேட்டுப் பாருங்கள். மறுநொடியே அவர் கை இடுப்பைத் தடவும், கிட்னி பத்திரமாக இருக்கிறதா என்று.

அப்படிக் கேட்பதுதான் என் முதல் வேலை. புது மருந்தை முதன்முதலாக மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் ஆராய்ச்சிக்கு ஆரோக்கியமான ஆட்களைத் திரட்ட வேண்டும். தண்டையார்பேட்டைக்காரனான நான், டை கட்டிக்கொண்டு மீனவர் ஊரான நெட்டுக்குப்பத்தில் போய் இறங்கினேன். (எண்ணூர் வெயிலில் டை! அதற்கே அடித்துத் துரத்தியிருக்கலாம்.)

வலை பின்னிக்கொண்டிருந்தவர்களிடம் பல்லைக் காட்டினேன். "நல்ல உடம்புண்ணே உங்களுக்கு!"

கைகள் நின்றன. மீன் கூடையோடு ஓர் அக்கா முன்னால் வந்தார். பெயர் கஸ்தூரி என்று பிறகு தெரிந்தது.

"இன்னாப்பா, ஆள எட போட்டுகினு கீற?"

விளக்கினேன்.

"மருந்து இன்னாத்துக்கு?"

"சர்க்கரை நோய்க்குக்கா."

"சக்கர கீறவங்க இங்க நெறைய பேர் கீறாங்க. இட்டாரட்டா?"

"வேணாங்க்கா. நல்லா இருக்கறவங்கதான் வேணும்."

அக்கா கூடையை இறக்கி வைத்தார். "நோவு கீறவனுக்கு வேணாமாம், நல்லா கீறவனுக்கு மருந்தாம்! டேய், இவன் கிட்னி கேசுடா!"

கூட்டம் சூழ்ந்தது. பையைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே தயிர் சாதம். அதையும் ஒருவர் மோந்து பார்த்துவிட்டு, திருப்தியில்லாமல் அடுத்தவரிடம் நீட்டினார்.

பயத்தில் உளறினேன். "நம்புங்கக்கா! எங்கம்மாவுக்கே குடுப்பேன் இந்த மருந்த!"

"அப்டியா? போன போடு. ஸ்பீக்கர்ல போடு."

அம்மா எடுத்ததும் அக்காவே பேசினார். "யம்மா, ஒம் புள்ள புச்சா ஒரு மருந்து எட்த்தாந்துகீறான். குட்த்தா துன்னுவியா?"

"யாரு, இவனா? இவன் போடற டீயவே நான் வாயில வெக்க மாட்டேன். ஏமாந்துடாதம்மா!"

கரையே சிரித்தது. நான் மட்டும் டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். (வியர்வைதான்.)

"கிட்னி திருட வந்தவன் பெத்தவளுக்குப் போன் போடுவானா? வுட்ருங்கடா" என்று அக்கா தீர்ப்புச் சொன்னார். ஆனாலும் நான் பஸ் ஏறும்வரை இரண்டு பேர் கூடவே வந்தார்கள். வழியனுப்ப அல்ல.

ஒருவரும் சேரவில்லை. அந்த வேலையும் நிலைக்கவில்லை. நிலைத்தது ஒன்றுதான். இன்றும் நான் டீ போட்டுக் கொடுத்தால், என் மனைவி டம்ளரை என் பக்கமே தள்ளிவிடுவாள். "ஆரோக்கியமான ஆளுதான நீ? மொதல்ல நீ குடி. ஒரு வாரம் பாத்துட்டு நாங்க குடிக்கறோம்."

அம்மா பக்கத்திலிருந்து சொல்வார்: "ஒரு வாரம் பத்தாதுடி."