இயக்குநர் ஏரி பார்க்க வந்த கதை

ஈரநிலப் பாதுகாப்பு இயக்ககத்துக்குப் புதிதாக வந்த இயக்குநர், நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்துகொண்ட கையோடு, தமது பாதுகாப்பில் இருக்கும் பெரிய ஏரியை ஒருமுறை நேரில் காண விரும்புவதாகத் தெரிவித்தார். அலுவலகமே ஆடிப்போய்விட்டது. ஏரியைப் பார்க்க ஆசைப்பட்ட இயக்குநர் அதுவரை யாரும் வாய்த்ததில்லை.

ஏற்பாடுகள் துணை அலுவலர் அம்மாள் தலையில் விழுந்தன. ஏரிக்கு எந்தப் பேருந்து போகும் என்று கூட்டத்தில் அவருக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கலாம். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். குறை ஏதும் வந்தால் ஊர்க்கோடியைக் கடந்து இருக்கும் பழைய கிடங்குக்கு மாற்றல் நிச்சயம் என்று மேலாளர் அன்போடு சொல்லிவைத்தார். மகள் இறுதித் தேர்வு எழுதுகிற வருஷம் வேறு.

மறுநாளே அம்மாள் ஏரிக்குப் போனார். முழங்கால் வரை சேறு. ஆளை மறைக்கும் கோரை. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நின்றபோது, கோரைக்குள்ளிருந்து ஒரு தாய்வாத்து தன் குஞ்சுகளை வரிசையாக அழைத்துக்கொண்டு வெளியே வந்தது. கடைசிக் குஞ்சு மட்டும் ஓர் இலையில் ஏறி, வழுக்கி விழுந்து, யாரும் பார்க்கவில்லையே என்பது போல் சுற்றிப் பார்த்துவிட்டு ஓடியது. அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷமாகத் தான் கோப்பில் பாதுகாத்து வந்தது இதைத்தானா என்று திகைத்துப்போனார். எந்தக் கோப்பிலும் இது அழகு என்று எழுதியிருக்கவில்லை.

இயக்குநர் வருகிற செய்தி பரவியதும் ஊருக்கே பறவைப் பித்துப் பிடித்தது. அம்மாளின் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்தார்; அவரும் சேற்று நிறத்தில் ஒரு தொப்பியும் ஒரு தொலைநோக்கியும் வாங்கினார். தொலைநோக்கியை மாட்டிக்கொண்டு மாடியில் நின்று, எதிர்வீட்டுக் கொடியில் காய்வது யாருடைய துணி என்று தப்பில்லாமல் அடையாளம் சொன்னார்.

அலுவலகத்தில் ஆலோசனைக் கூட்டம் நடந்தது. இயக்குநருக்கு முழங்காலில் வலி, வழுக்கக் கூடாது. ஆகவே சேற்றின் மேல் சரளை கொட்டத் தீர்மானமாயிற்று. சரளை வண்டி போகக் கோரை இடைஞ்சல்; அறுத்தார்கள். அறுத்த இடத்தில் கொசு கிளம்பியது. மருந்துப் புகை அடித்தார்கள். கொசு இருந்தது, பறவைகள் போய்விட்டன. கடைசியில் மேடை போடச் சமதரை தேவைப்பட்டது. மதகைத் தற்காலிகமாகத் திறந்துவிடலாம் என்றார் பொறியாளர்.

அம்மாளால் பொறுக்க முடியவில்லை. "தண்ணியைத் திறந்துவிட்டா அது ஏரியா இருக்காதே, சார்."

"தண்ணி இருந்தா இயக்குநர் எப்படி உள்ள வருவார்?"

"கரையில நின்னு பாக்கலாமே."

"கரையில நின்னா அது பார்வையிடுதல். அழைப்பிதழ்ல 'ஏரிக்கு வருகை'ன்னு அடிச்சாச்சு. வருகைன்னா உள்ள வரணும்ல?"

அழைப்பிதழை எதிர்த்து யார் பேச முடியும்? அம்மாள் வாத்துக்குஞ்சை நினைத்துக்கொண்டார். மகளின் தேர்வையும் நினைத்துக்கொண்டார். மதகுக் கோப்பில் கையெழுத்துப் போட்டார்.

அந்த நாளும் வந்தது. இயக்குநர் கம்பளத்தில் நடந்து மேடையேறினார். வரவேற்புரை ஆற்றிய மேலாளர், பறவைகள் தற்சமயம் சுற்றுப்பயணத்தில் இருப்பதால் விழாவில் கலந்துகொள்ள இயலவில்லை என்று வருத்தம் தெரிவித்தார். இயக்குநர் தொலைநோக்கியை எடுத்து நாலு பக்கமும் நிதானமாகப் பார்த்தார். பிறகு திரும்பினார்.

"ஏரி எங்கம்மா?"

எல்லாருடைய கண்ணும் அம்மாள் மேல் திரும்பியது. கிடங்கின் துருப்பிடித்த கதவு அவர் கண்முன் திறந்தது.

"நீங்க நின்னுட்டிருக்கறதே ஏரிதாங்க, சார்."

இயக்குநர் குனிந்து தம் காலணியைப் பார்த்தார். பளபளவென்று இருந்தது. நிமிர்ந்தபோது அவர் குரல் தழுதழுத்தது.

"எத்தனையோ ஏரிக்குப் போயிருக்கேன்மா. எல்லா இடத்துலயும் காலை நனைச்சுட்டாங்க. மனுஷனை மதிச்ச ஏரி இது ஒண்ணுதான்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அம்மாளும் தட்டினார். முதலில் மெல்லத்தான் தட்டினார். மேலாளர் பார்த்ததும் பலமாக.

மாற்றல் வரவில்லை. பதவி உயர்வு வந்தது. மற்ற ஏரிகளையும் இதே தரத்துக்கு உயர்த்தும் புதுப் பிரிவுக்கு அவரே தலைவி. அந்த ஏரிகளின் ஊர்மக்கள் போராடுவார்கள் என்று உள்ளூர ஒரு நம்பிக்கை அவருக்கு இருந்தது. அவர்களும் திரண்டுதான் வந்தார்கள். எங்கள் ஏரியை மட்டும் ஏன் இப்படி ஈரமாகவே போட்டு வைத்திருக்கிறீர்கள், எங்களிடம் கார் இல்லையா, நிறுத்த இடம் வேண்டாமா என்று கேட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஏரியில் நிற்க இடமில்லை. சேற்று நிறத் தொப்பிகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெரிந்தன. எல்லாரும் தொலைநோக்கி வழியே ஒருவரையொருவர் பார்த்து மகிழ்ந்தார்கள். கணவர் ஏரியின் நட்டநடுவில் மடக்கு நாற்காலியை விரித்து, தூசி தட்டி, மனைவியைப் பெருமையோடு உட்காரவைத்தார்.

"உன்னாலதான் இந்த ஊருக்கு ஒரு ஏரி கிடைச்சுது," என்றார். "முன்னாடி என்ன இருந்துச்சு இங்க? ஒரே தண்ணி."

அம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆனால் நாற்காலி வசதியாக இருந்தது.