தண்ணீரில் தெரிந்த பூனை

இந்தியாவிலேயே சுத்தமான மனிதர் யார் என்று கேட்டால், அடையாறில் எங்கள் உணவுப் பரிசோதனை லேபில் இருந்த ஜெல் மாமாவைத்தான் சொல்வேன். நாம் தொட்ட பேனாவைக் குளிப்பாட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். தும்மல் வந்தால் தெருமுனை வரை போய்த் தும்மிவிட்டு வருவார்.

கறி எந்த மிருகத்தினுடையது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. கறியிலுள்ள டி.என்.ஏ. துண்டுகளைப் பெருக்கி, ஜெல் என்கிற வழவழப்பான பாளத்தில் விட்டு மின்சாரம் பாய்ச்சுவார். சின்னத் துண்டுகள், மாம்பலம் ஸ்டேஷன் கூட்டத்தில் புகுந்து ஓடும் பொடிசுகள் மாதிரி முந்திக்கொள்ளும், பெரியவை பின்தங்கும். ஒவ்வொரு மிருகத்தின் துண்டும் ஒவ்வொரு அளவு; அது கோடாக ஒளிரும் இடத்தை வைத்து ஆடா, மாடா என்று சொல்லிவிடலாம். மாமா பக்கத்திலேயே நாற்காலி போட்டு, "இடிச்சுக்காம ஓடுங்கோடா!" என்று அதட்டிக்கொண்டிருப்பார்.

ஒருநாள் வடபழனி பிரியாணிக் கடைக்காரர் ஒருவர் வந்தார். பூனைக்கறி போடுகிறார் என்று யாரோ போனில் வீடியோ பரப்பிவிட, கடைக்குப் பூட்டு. "ஆட்டுக்கறிதான் சார் போட்டேன். நீங்க சொன்னாத்தான் கடைய தொறக்க வுடுவாங்க" என்று கண் கலங்கினார்.

ஜெல் ஓடியது. பூனைக்கான இடத்தில் பளிச்சென்று ஒரு கோடு! எங்களுக்குப் பகீரென்றது. மாமா மட்டும் பக்கத்து வரிசையைப் பார்த்தார். கறி சேர்க்காத வெறும் தண்ணீரையும் கூடவே ஓட்டுவது வழக்கம். அதில் எதுவும் தெரியக் கூடாது. தெரிந்தால் நம் அழுக்கு சோதனைக்குள் புகுந்துவிட்டது என்று அர்த்தம். தண்ணீரிலும் பூனை இருந்தது.

மாமா குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். வெள்ளை வெள்ளையாக முடி. மயிலாப்பூர் வீட்டில் அவர் ஆறு பூனை வளர்ப்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

பேசாமல் இன்னொரு ஜெல் போட்டிருக்கலாம். மாமா நேராகக் கடைக்காரரிடம் போனார்.

"தப்பா நெனச்சுக்காதீங்கோ. உள்ள தெரியறது எங்காத்துப் பூனை."

"இன்னா சார் சொல்றீங்க? உங்க வூட்டுப் பூனை என் பிரியாணில எப்டி பூந்துச்சு?"

மறுநாள், லேபுக்குள் நுழைய மாமா தனக்குத் தானே தடை போட்டுக்கொண்டார். சோதனையை நான் செய்தேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே மாமாவும் கடைக்காரரும் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் சுத்தம். கறியில் ஆடு மட்டும்தான். நான் கட்டைவிரலை உயர்த்தியதும் கடைக்காரர் அழுதுகொண்டே மாமாவைக் கட்டிப்பிடித்தார். யார் மேலும் படாத மாமா, அவர் முதுகைத் தட்டிக்கொண்டே வெகுநேரம் நின்றார்.

மாமா ஓய்வு பெற்று, பூனைகளோடு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அவர் இல்லாத லேப் எனக்குப் பிடிக்கவே இல்லை. தண்ணீர் வரிசையில் எதுவும் தெரியக் கூடாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும், மங்கலாகவாவது ஒரு பூனை தெரியாதா என்று மனசு ஏங்குகிறது.