உங்கள் வீட்டில் நான் இலை மடித்த விதம் பற்றி

தண்ணீர்மலையான் துணை

டத்தோ கெராமட் சாலை,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.
வியாழக்கிழமை.

கெப்பாலா பத்தாஸில் வாழும் பெருமதிப்பிற்குரிய சம்பந்தி திரு. சுகுமாரன் அவர்களுக்கு,

ராமதாஸ் இரு கரம் கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் மனைவி வடிவம்மாளும் மகள் பிரமிளாவும் நலம். அங்கே நீங்களும், உங்கள் துணைவியார் தங்கை துளசியும், மாப்பிள்ளை கிஷனும், முக்கியமாக உங்கள் பெரியப்பாவும் நலமாக இருக்கவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். பெரியப்பாவுக்காக மட்டும் காலையும் மாலையும் இரண்டு வேளை வேண்டிக்கொள்கிறேன். மேலே 'சம்பந்தி' என்ற சொல் மட்டும் பென்சிலில் இருப்பதைப் பார்த்துத் தவறாக நினைக்கவேண்டாம். அப்படிப் போடலாமா என்று வடிவம்மாளிடம் கேட்டேன். "இப்போதைக்குப் பென்சில்ல எழுதி வைங்க. அவங்க பதில பாத்துட்டு அப்புறம் பேனா எடுக்கலாம்" என்றாள்.

உங்கள் வீட்டுக்கு நாங்கள் கல்யாணத் தேதி பேச வந்து இன்றோடு பதினோரு நாளாகிறது. நான்கு முறை போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. பிரமிளாவும் என்னோடு பேசுவதில்லை. எதுவானாலும் அம்மா மூலம்தான். நேற்று நான் அவள் பக்கத்தில் அதே சோபாவில் உட்கார்ந்திருக்கும்போதே, "அம்மா, அப்பாவ ஒரு லெட்டர் எழுதச் சொல்லுங்க. வாய்ஸ் மெசேஜ் வேணாம்லா. அவர் வாயத் தொறந்தா இன்னும் கெட்டுப்போகும்" என்றாள். ஆகவே எழுதுகிறேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னால் உங்களுக்குப் புரியும் என்ற ஒரே நம்பிக்கைதான்.

இதெல்லாம் ஒரு முழம் மல்லிகைப்பூவில் ஆரம்பித்தது. ஒரு வெள்ளிக்கிழமை பூ வாங்க லிட்டில் இந்தியா போனவன், குயின் வீதியில் ஹனீபா பாய் புதிதாகத் திறந்திருக்கும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வாசலில் ஒரு பலகையைப் பார்த்தேன். சாப்பாட்டுப் போட்டி, முதல் பரிசு ஐந்நூறு பேருக்குக் கல்யாண விருந்து என்று எழுதியிருந்தது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் ஸ்டோரில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எனக்கு ஒரே மகள். அவள் கல்யாணத்தில் அப்பா செய்தது இது என்று சொல்லிக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. பாட வராது, ஆட வராது, மண்டப அலங்காரம் தெரியாது, ஆனால் சாப்பிடத் தெரியும். பிரமிளாவுக்குத் தெரியாமல் பெயர் கொடுத்துவிட்டேன். வடிவம்மாளிடம் மட்டும் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு, பிறகு என் வேட்டியை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

போட்டியில் ஒரு விதி உண்டு. உறுமி மேளச் சத்தத்தில் யார் பேசுவதும் கேட்காது என்பதால் எல்லாம் சைகைதான். இலையை நம் பக்கம், அதாவது உள்பக்கம் மடித்தால், வயிறு நிறைந்தது, விலகிக்கொள்கிறேன் என்று பொருள். வெளிப்பக்கம் மடித்து, இடது கையைத் தூக்கி, எதிரே நின்று எண்ணுகிறவரின் கண்ணைப் பார்த்து எத்தனை இலை முடிந்தது என்று விரலைக் காட்டினால் அடுத்த இலை வரும். நான் அப்போதே ஹனீபா பாயிடம் சொன்னேன். "பாய், வெளிப்பக்கம் மடிக்கிறது துக்க வீட்டுல. சாப்பாடு முடிஞ்சி உள்பக்கம் மடிச்சாத்தான் மரியாதை." அவர், "அண்ணே, அதனாலதான் அப்படி வச்சேன். உள்பக்கம் மடிச்சா நம்ம ஆளுங்க கெளம்பிடுவாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். மத்தபடி இங்க செத்தது கோழி மட்டும்தான்" என்றார்.

முதல் நாள் பன்னிரண்டு பேர் உட்கார்ந்தோம். நம்பமாட்டீர்கள், முதல் இலையை எல்லோருக்கும் முன்னால் முடித்தவன் நான்தான். சோறு, சாம்பார், கோழிக்கறி, இரண்டு பொரியல், அப்பளம், மோர் மிளகாய், ரசத்தோடு ஏழே நிமிடம். முடித்த நிம்மதியில், அறுபது வருடப் பழக்கம், கை தன்பாட்டுக்கு இலையை உள்பக்கம் மடித்துவிட்டது. உடனே மைக்கில், "நம்ம ராமதாஸ் அண்ணே ஒரே இலையில வயிறு நெறஞ்சி வீட்டுக்குப் போறாரு, கை தட்டுங்க" என்று அறிவித்துவிட்டார்கள். இல்லை இல்லை என்று நான் கத்தியது மேளத்தில் யாருக்கும் கேட்கவில்லை. பக்கத்தில் முள்கரண்டியால் சாப்பிட்டுக்கொண்டிருந்த சீனப் பையன் என் முதுகில் தட்டி, "இட்ஸ் ஓகேலா அங்கிள்" என்றான். அந்த ஒரு தட்டை மட்டும் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. ஹனீபா பாய் இரக்கப்பட்டு, மூன்று வாரம் கழித்து இன்னொரு தகுதிச் சுற்று இருக்கிறது, அதில் வாருங்கள் என்றார்.

அந்த மூன்று வாரம்தான் என்னைக் கெடுத்தது. வயிற்றுக்குப் பயிற்சி தேவையில்லை, அது நம் கூடவே பிறந்தது. கைக்குத்தான் பயிற்சி. வடிவம்மாள் மூன்று வேளையும் இலை போட்டு, அகப்பையோடு எதிரில் நின்றாள். உள்பக்கம் மடித்தால் மணிக்கட்டில் ஒரு அடி. காலையில் நாசி லெமாக் பொட்டலம், மத்தியானம் வாழையிலைச் சோறு, சாயங்காலம் கடையில் தோசை, எல்லாவற்றிலும் இலை, எல்லாவற்றையும் வெளிப்பக்கம். இரண்டாவது வாரம் நாளிதழையும் துண்டையும் வெளிப்பக்கம் மடிக்க ஆரம்பித்தேன். மூன்றாவது வாரம் கோயில் அன்னதானத்தில் என்னை அறியாமல் அப்படியே மடிக்க, பக்கத்தில் இருந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "யாருங்க தவறிட்டாங்க?" என்றார். எனக்கு வாய் நிறைய சாதம். பதில் சொல்ல முடியாமல் விழித்ததை அந்த அம்மா துக்கம் என்று எடுத்துக்கொண்டு கொஞ்சம் அழுதார். பிறகு கேட்டில் நின்ற வடிவம்மாளைப் பார்த்து, நல்லவேளை நீங்களாவது இருக்கிறீர்களே என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் பயிற்சி வீண்போகவில்லை. இரண்டாவது சுற்றில் ஐந்து இலை. ஐந்தும் வெளிப்பக்கம். இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகிவிட்டேன். அது சனிக்கிழமை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமைதான் உங்கள் வீட்டுக்கு வந்தோம். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள், நடுவில் ஒரே ஒரு ராத்திரி. கைக்கு எப்படித் தெரியும் இடம் மாறிவிட்டது என்று?

தங்கை துளசியின் சமையலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் எனக்கு அடுத்த வேளை சோறு கிடைக்காது. அந்த வாழைக்காய்ப் பொரியல், அந்த மாங்காய்ப் பச்சடி, அந்தப் பாயசம். நீங்கள் பஞ்சாங்கத்தைப் புரட்டி, "தை மாசத்துல வச்சிக்கலாமா?" என்று கேட்டீர்கள். பிரமிளா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நெஞ்சு நிறைந்த அதே நேரத்தில் இலையும் முடிந்தது. கை வெளிப்பக்கம் மடித்தது. இடது கை ஒற்றை விரலோடு மேலே போனது. கண் நேராக எதிரே பார்த்தது. எதிரே உட்கார்ந்திருந்தது, எண்பத்தாறு வயதான உங்கள் பெரியப்பா.

அவர் ரசத்தைக் கீழே வைத்தார். மடித்த இலையைப் பார்த்தார். என் விரலைப் பார்த்தார். "எனக்கு இன்னும் ஒரு வருசமாப்பா?" என்று நிதானமாகக் கேட்டார். எனக்கு வாயில் அப்பளம். இல்லை இல்லை என்று தலையை ஆட்டினேன். "அப்ப ஒரு மாசமா?" அதற்கும் இல்லை என்று ஆட்டினேன். "ஒரு வாரந்தானா?" அதற்கும். "ஒரு நாளு?" என்று அவர் கேட்டபோது எனக்குப் புரை ஏறிவிட்டது. இருமலில் தலை மேலும் கீழுமாக ஆடியது உண்மை. அதை 'ஆமாம்' என்று எடுத்துக்கொள்வார்கள் என்று சத்தியமாக நான் நினைக்கவில்லை. தங்கை துளசி பாயசத்தைத் திரும்பவும் அடுப்படிக்கே எடுத்துக்கொண்டு போனார். நான் பதறிப்போய், இலையைப் பிரித்து உள்பக்கம் மடிக்கப் பார்த்தேன். அதில்தான் மிச்ச ரசம் பஞ்சாங்கத்தில் கொட்டியது. தை மாதம் முழுக்க நனைந்துவிட்டது. மாசி மாதத்தில் இரண்டு பருப்பு.

பெரியப்பா மறுநாளே மோட்டார் சைக்கிளைப் பேரன் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டதாகவும், சிங்கப்பூரில் இருக்கும் மகள்களை வரவழைத்ததாகவும் கேள்விப்பட்டேன். அவரிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஒரு நாள் என்று நான் சொன்னதாக வைத்துக்கொண்டாலும் இன்று பதினோராவது நாள், அவர் பசியாறிவிட்டுப் பேப்பர் படிக்கிறாராம். நான் அப்படிச் சொல்லவே இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? மோட்டார் சைக்கிளைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

சம்பந்தி, விளையாட்டாக எழுதுகிறேன் என்று நினைக்கவேண்டாம். அன்று பினாங்குப் பாலம் வழியாகக் காடியில் திரும்பி வந்தோம். பின்சீட்டில் பிரமிளா பாலம் முழுக்கச் சத்தம் வராமல் அழுதாள். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். சின்ன வயதில் விழுந்து அடிபட்டால் அப்பா என்றுதான் அழுவாள். அன்று என்னால் அழுதாள், என்னைக் கூப்பிடவில்லை. அதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வடிவம்மாள் இரண்டு முறை என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டாள்.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். திங்கட்கிழமை தண்ணீர்மலை ஏறி, இனிமேல் சாப்பாட்டுப் போட்டி நடக்கும் தெருப்பக்கம்கூடத் தலைவைத்துப் படுப்பதில்லை என்று முருகன் சன்னிதியில் சத்தியம் செய்துவிட்டேன். கல்யாணப் பந்தியில் எனக்கு மட்டும் தட்டில் பரிமாறுங்கள், மடிக்க ஒன்றும் இருக்காது. பிள்ளைகள் இரண்டும் ஒன்றையொன்று விரும்புகின்றன. என் கை செய்த குற்றத்துக்கு அவர்களைத் தண்டிக்கவேண்டாம். சம்மதம் என்றால் பதிலே எழுதவேண்டாம். மேலே பென்சிலில் இருக்கும் அந்த ஒரு சொல்லின் மேல் பேனாவால் எழுதி, இந்தக் கடிதத்தையே திருப்பி அனுப்பிவிடுங்கள். அதைப் பிரமிளாவிடம் காட்டினால் போதும், அவள் என்னோடு பேசிவிடுவாள்.

பெரியப்பா நூறைத் தாண்டி, நம் பேரப்பிள்ளைகளின் கல்யாணத்தில் பந்தியில் முதல் இலையில் உட்கார வேண்டும். துளசி தங்கையின் அடுப்பு என்றும் அணையாதிருக்கட்டும். மாப்பிள்ளை கிஷனுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
பேனாவை எதிர்பார்த்திருக்கும்
ராமதாஸ்

பி.கு.: இந்தக் கடிதம் எழுத்து வெளியே தெரியும்படி மடிந்திருந்தால் மன்னிக்கவும்.

உறையை ஒட்டும் நேரத்தில் ஹனீபா பாய் போன் செய்தார். பரிசு கல்யாண விருந்து என்பதால், இறுதிச் சுற்றில் பெண் வீட்டார் ஒருவரும் மாப்பிள்ளை வீட்டார் ஒருவரும் ஜோடியாக உட்காரவேண்டுமாம். முடியவே முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். "சரிண்ணே, சும்மா கேக்குறேன், அந்த வீட்டுல சாப்புடற ஆளு யாராச்சும் இருக்காங்களா?" என்றார். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அன்று எல்லோரும் என் இலையையே பார்த்துக்கொண்டிருந்தபோது, நீங்கள் ஒருவர் மட்டும் தலை நிமிராமல் மூன்றாவது தடவை சோறு வாங்கினீர்கள். பாயசம் உள்ளே போனபோது, "அத ஏன் எடுத்துட்டுப் போற, இங்க வை" என்று கேட்ட ஒரே குரல் உங்களுடையது. அந்த நிதானத்தை நான் எந்தப் போட்டியாளரிடமும் பார்த்ததில்லை. உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன். டீ சட்டை எக்ஸ்எல் என்று சொல்லியிருக்கிறேன், பத்தாது என்றால் சொல்லுங்கள். சத்தியத்தைப் பற்றிக் குருக்களிடம் கேட்டேன், மகள் கல்யாணத்துக்காக என்றால் ஒரு அர்ச்சனையோடு சரியாகிவிடுமாம்.

அடுத்த வாரம் ஞாயிறு, காலை பதினொரு மணி. இன்னும் பத்து நாள் இருக்கிறது, இன்றே வெளிப்பக்கம் மடித்துப் பழக ஆரம்பியுங்கள். பழகும்போது எதிரில் பெரியப்பா உட்காராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.